மைலேஜ் கருவியா, மெக்கானிக்கா, சிஎன்ஜியா: அந்தப் பணத்தை எதில் போடலாம்?

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த என் மச்சினன், சாப்பிட்டுக் கை கழுவியதும் முதல் வேலையாக என்னைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து காட்டினான். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு பிளக், அதில் பச்சை விளக்கு மின்னி மின்னி எரிகிறது.

"நெசமாவே மைலேஜ் கூடிருச்சுங்க மச்சான். பதினாலு குடுத்துட்டு இருந்தது, இப்ப பதினாறு குடுக்குது."

"எப்படி அளந்தே?"

"அதான் டேஷ்போர்டுலயே காட்டுதுங்களே."

ஆன்லைனில் எழுநூறு ரூபாய்க்கு வாங்கினானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பங்க்கில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கணக்குக்கு அமைத்த கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே 2021இல் சொல்லிவிட்டது. ஆக, மைலேஜ் விழுந்துவிட்டது என்பவர்கள் எல்லாரும் கற்பனையில் சொல்லவில்லை. அந்தப் புலம்பலைப் பார்த்துத்தான் காந்தம், பிளக், மாத்திரை, தண்ணீரில் ஓடும் கிட் என்று விளம்பரங்களும் வரிசை கட்டுகின்றன. "எதை வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் உங்கள் மாதச் செலவைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் 900 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுபது லிட்டர், ஆறாயிரம் ரூபாய். அதில் ஒரு சதவீதம் மிச்சம் என்றால் 60 ரூபாய். இந்த அறுபதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் படிக்கலாம். "20 சதவீதம் மிச்சம்" என்பவன் மாதம் 1,200 ரூபாய் தருவதாகச் சொல்கிறான். எழுநூறு ரூபாய் பிளக் மூன்று வாரத்தில் முதலை எடுத்துவிடும் என்று அர்த்தம். இது உண்மையாக இருந்தால் கார் கம்பெனிகள் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியிருக்கும். விற்பனைக்காக மைலேஜில் அரை கிலோமீட்டரைக் கூட்டுவதற்கே அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மற்ற அளவுகோல்கள்: அது வேலை செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறதா? விற்பவன் அல்லாத வேறொருவர் சோதித்தாரா? போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? வாரன்டி, இன்ஷூரன்ஸ், ஆர்சி புக் எதிலாவது கை வைக்க வேண்டி வருமா? வேண்டாமென்றால் கழற்றி எறிய முடியுமா?

வேலை செய்யக் காரணம் உண்டா என்ற கேள்வியிலேயே பாதிக் கருவிகள் வெளியேறிவிடும். காரணம் இதுதான். நீங்கள் போடும் நூறு ரூபாய் பெட்ரோலில் இருபத்தைந்து, முப்பது ரூபாய்க்குத்தான் வண்டி நகர்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. ஆனால் எரியாமல் தப்பிக்கும் பெட்ரோல் இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் இருக்காது. ஆக்சிஜன் சென்சார் சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையை முகர்ந்து பார்க்கிறது. ஈசியு என்கிற மூளைப்பெட்டி ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற கணக்கை நொடிக்குப் பலமுறை சரிசெய்கிறது. எத்தனால் கலந்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் இறங்கும், அதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகவே "பெட்ரோலை முழுசாக எரிய வைக்கிறோம்" என்று சொல்லும் எந்தப் பொருளுக்கும் உச்சவரம்பு அந்த இரண்டு மூன்று சதவீதம்தான். கார்புரேட்டர் காலத்தில் இதில் கொஞ்சம் இடம் இருந்தது. இப்போது இல்லை.

## ஓபிடி பிளக்

மச்சினன் ஒத்துக்கொண்டதால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திறந்து பார்த்தோம். உள்ளே விரல் நகம் அளவு ஒரு சிப், மூன்று விளக்குகள், ஒரு பொத்தான், நாலைந்து ரெசிஸ்டர். கோளாறு பார்க்க மெக்கானிக் தன் கருவியை மாட்டும் இடம்தான் காரின் ஓபிடி சாக்கெட். அதில் பதினாறு பின் உண்டு. பதினாறாவது பின்னில் பேட்டரி கரண்ட், நான்கிலும் ஐந்திலும் எர்த். இப்போதைய கார்களில் ஈசியுவோடு பேசும் கேன் லைன் ஆறாவது, பதினாலாவது பின்களில் இருக்கும். அந்த லைனில் பேச வேண்டுமென்றால் செய்தியை அனுப்பவும் வாங்கவும் டிரான்ஸீவர் என்றொரு சிப் வேண்டும். மச்சினனுடைய பெட்டியில் அதைக் காணோம். கரண்ட் எடுக்கிறது, விளக்கு எரிகிறது, அவ்வளவுதான்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். குவார்க்ஸ்லாப் என்ற பிரெஞ்சு கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நைட்ரோ ஓபிடி2 என்று விற்கப்பட்ட இதே வகைக் கருவியைப் பிரித்துப் பார்த்தார்கள். காரின் கேன் லைனில் போகும் செய்திகளைக் கருவி இல்லாமலும் மாட்டியும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். கருவி ஒரு செய்தியும் அனுப்பவில்லை.

இதில் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். "உங்கள் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள 240 கிலோமீட்டர் ஆகும்" என்று அட்டையில் போட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கும் கெடுவோ ஏழே நாள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஏழு நாளில் 240 ஓடாது.

## காந்தம், சுழல் விசிறி, மாத்திரை

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம்: பெட்ரோல் காந்தத்துக்கு மசிகிற பொருளே இல்லை. "மூலக்கூறுகள் பிரிந்து நன்றாக எரியும்" என்பது வெறும் பேச்சு. அமெரிக்காவில் ஃபியூயல்மேக்ஸ் என்ற காந்தத்தை 27 சதவீதம் மிச்சம் என்று விற்றவர்கள்மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 2004இல் வழக்குப் போட்டது. அங்கேயே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில்தான் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. சில கருவிகள் புகையைக் கூட்டின.

காற்றுக் குழாயில் சொருகும் சுழல் விசிறி: காற்றைச் சுழற்றி விடுகிறதாம். அந்தச் சுழற்சி திராட்டிலையும் வால்வையும் தாண்டுவதற்குள் செத்துப்போகும். மிஞ்சுவது காற்று வரும் வழியில் ஒரு அடைப்பு.

டேங்கில் போடும் மாத்திரைக்கு ஆஸ்திரேலியாவின் ஃபயர்பவர் நிறுவனத்தைச் சொன்னால் போதும். விளையாட்டு அணிகளுக்கெல்லாம் ஸ்பான்சர் செய்து பேர் வாங்கியது. 2008இல் கவிழ்ந்தபோது முதலீட்டாளர்களின் பணம் சுமார் பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலர் போயிருந்தது. 1996இல் மூலிகை பெட்ரோல் என்று ஊரே பேசியதை நேரில் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இன்ஜெக்டர் கிளீனர் திரவம் மட்டும் தனி ரகம். 80,000 கிலோமீட்டர் ஓடி, காலையில் ஸ்டார்ட் ஆனதும் வண்டி உதறுகிறது என்றால், ஒரு பாட்டில் ஊற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. இழந்த மைலேஜில் கொஞ்சம் திரும்பலாம். புது வண்டிக்கு ஊற்றினால் பாட்டில் காலியாகும்.

## தண்ணீரில் ஓடும் ஹெச்ஹெச்ஓ கிட்

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மற்றதெல்லாம் நூறு, ஆயிரத்தோடு போகிறது. இது பத்தாயிரங்களில் கேட்கிறது. அதோடு கண்ணெதிரே குமிழி குமிழியாக வாயு வருவதைக் காட்டுவதால் படித்தவர்களும் மயங்குகிறார்கள்.

வாயு வருவது பொய் இல்லை. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும், பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். அந்தக் கலவையைத்தான் ஹெச்ஹெச்ஓ என்கிறார்கள். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்னேட்டரிலிருந்து. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜினைச் சுற்றுவது நீங்கள் போட்ட பெட்ரோல். நூறு ரூபாய் பெட்ரோலில் இன்ஜின் இருபத்தைந்து ரூபாய் வேலை செய்யும். அதை ஆல்டர்னேட்டர் மின்சாரமாக மாற்றும்போது பாதி போய் பன்னிரண்டரை. அந்த மின்சாரம் தண்ணீரைப் பிரிக்கும்போது மறுபடியும் கழிவு போய், ஹைட்ரஜனாகக் கைக்கு வருவது ஏழெட்டு ரூபாய். அந்த ஏழெட்டு ரூபாயைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டு மைலேஜ் கூடியது என்கிறார்கள். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிறவன் கதை இது.

"ஹைட்ரஜன் வெறும் எரிபொருள் இல்லைங்க, பெட்ரோலை நல்லா எரிய வைக்கும்" என்பது அடுத்த வாதம். எரியாமல் மீதி இருப்பதே இரண்டு மூன்று சதவீதம் என்பதை மேலே பார்த்தோம். கிட் மாட்டியவர்களில் சிலருக்கு மைலேஜ் உண்மையிலேயே கூடியிருக்கலாம். ஆனால் அங்கே வேலை செய்வது வாயு இல்லை. கிட்டோடு வரும் இன்னொரு சின்னப் பெட்டி ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி, ஈசியு பெட்ரோலைக் குறைத்து ஊற்றும்படி செய்கிறது. காற்று அதிகம், பெட்ரோல் கம்மி என்று வண்டி ஓடினால் இழுவை குறையும், நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும். கன்வர்ட்டர் போனால் என்ன விலை என்று உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இது போக, பானெட்டுக்குள் காஸ்டிக் கரைசல் பாட்டிலையும், கசிந்தால் பற்றிக்கொள்ளும் வாயுவையும் வைத்துக்கொண்டு குழந்தைகளோடு பயணம் போக வேண்டும்.

## மெக்கானிக், காற்று, கால்

இந்தப் பக்கத்தில் அதிசயம் எதுவும் இல்லை. டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் பாதாளத்துக்குப் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் என்பதுதான் அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 32 இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தால் 1.2 சதவீதம், நம் கணக்கில் மாதம் 72 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் காற்றுப் பிடிக்கப் பத்துப் பதினைந்து ரூபாய், டயரும் ஓரம் தேயாது. ஏர் ஃபில்டரும் அப்படியே. அழுக்கு ஃபில்டர் மைலேஜைத் தின்னும் என்பது கார்புரேட்டர் காலத்து உண்மை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சோதித்தபோது பிக்கப் குறைந்தது, மைலேஜ் குறையவில்லை. மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள். மைலேஜுக்கென்று விலை உயர்ந்த ஃபில்டர் வாங்க வேண்டாம்.

பெரிய ஓட்டை இருப்பது கோளாறு பிடித்த வண்டியில்தான். ஆக்சிஜன் சென்சார் செத்துப்போன வண்டியை சரிசெய்தால் 40 சதவீதம்வரைகூட மைலேஜ் திரும்பலாம் என்கிறது அதே அமெரிக்க எரிசக்தித் துறை. திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், இன்ஜினைச் சூடாகவே விடாது; ஈசியுவும் குளிர் வண்டிக்கு ஊற்றுவதுபோல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இறுகிய பிரேக்கைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம்: இருபது நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் அடுப்புபோல் கொதித்தால், அந்தச் சக்கரம் உங்கள் பெட்ரோலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. சபரிமலைக்குப் போனபோது மாட்டிய கேரியர் தை மாதம் கழிந்தும் கூரையிலேயே இருந்தால், ஹைவேயில் அதுவும் தின்னும்.

கடைசியாக உங்கள் வலது கால். நெரிசலில் ஆக்சிலேட்டரை அழுத்துவதும் உடனே பிரேக் போடுவதுமாக ஓட்டினால் 10 முதல் 40 சதவீதம்வரை நஷ்டம் என்பதும் மேலே சொன்ன துறையின் மதிப்பீடுதான். நம் ஊர் பெட்ரோலியம் சேமிப்பு ஆய்வுச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பதை அந்தச் சங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வேடிக்கை. மச்சினன் பிளக் மாட்டிய அதே ஓபிடி சாக்கெட்டில் மாட்ட, ஏறத்தாழ அதே விலையில், ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று கிடைக்கிறது. அது மைலேஜைக் கூட்டுவதாகச் சொல்லாது. ஆனால் இன்ஜின் சூடு, சென்சார் கோளாறு, இந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பதையெல்லாம் மொபைலில் காட்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அந்த எண் எகிறுவதைக் கண்ணால் பார்த்தால் கால் தானாக அடங்கிவிடும். வண்டியைப் பல நாள் நிறுத்தி வைக்கும்போது கழற்றிவிடுங்கள், பேட்டரி இறங்கும்.

## சிஎன்ஜி கிட்

இந்தப் பட்டியலில் எரிபொருள் செலவை உண்மையிலேயே கணிசமாகக் குறைக்கும் வெளிக்கருவி இது ஒன்றுதான். அதுவும் மைலேஜைக் கூட்டுவதால் இல்லை, எரிபொருளையே மாற்றுவதால். கிட் மாட்ட ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரம்வரை ஆகலாம். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்று வைத்தால், அறுபதாயிரத்தை எடுக்க 30,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 900 ஓட்டுகிறவருக்கு 33 மாதம். 3,000 ஓட்டும் டாக்சிக்காரருக்குப் பத்தே மாதம்.

விலைப்பட்டியலில் வராத செலவுகள்: டிக்கியில் பாதிக்கு மேல் சிலிண்டருக்குப் போகும். இழுவை குறையும், மலை ஏறும்போது தெரியும். எரிபொருள் மாறியதை ஆர்டிஓவில் ஆர்சி புக்கில் பதிய வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விபத்து நடந்தால் கிளெய்முக்கு அலைய வேண்டி வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீரை அழுத்தி நிரப்பிச் செய்யும் சோதனை. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஒரு வாரம் கவனித்துவிட்டு முடிவெடுங்கள். அரை மணி நேர வரிசைக்கும் விலை உண்டு.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்காசு | பலன் | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஓபிடி மைலேஜ் பிளக் | சில நூறு | இல்லை | சாக்கெட் வீணாக அடைபடும் | யாருக்கும் இல்லை |
| காந்தம், சுழல் விசிறி, மாத்திரை | நூறு முதல் சில ஆயிரம் | இல்லை | காற்று வழி அடைப்பு, வாரன்டி தகராறு | யாருக்கும் இல்லை |
| இன்ஜெக்டர் கிளீனர் | சில நூறு | பழைய வண்டியில் கொஞ்சம் | பெரிதாக இல்லை | உதறும் பழைய வண்டி |
| ஹெச்ஹெச்ஓ கிட் | பத்தாயிரங்கள் | நஷ்டம் | கன்வர்ட்டர், தீ ஆபத்து | யாருக்கும் இல்லை |
| காற்று, சர்வீஸ், கோளாறு சரிபார்ப்பு | சில நூறு முதல் சில ஆயிரம் | 1 முதல் 40 சதவீதம், வண்டியைப் பொறுத்து | அரை நாள் அலைச்சல் | எல்லாருக்கும் முதலில் |
| ஸ்கேனர், நிதான ஓட்டம் | ஆயிரத்துக்குள் | 10 சதவீதத்துக்கு மேலும் போகலாம் | பொறுமை | நெரிசலில் ஓட்டுபவர் |
| சிஎன்ஜி கிட் | 50,000 முதல் 70,000 | கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய் | டிக்கி, ஆர்சி, பாலிசி, டெஸ்ட் | மாதம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் |

மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் எதையும் வாங்க வேண்டாம், காற்று மட்டும் பாருங்கள். திடீரென்று மைலேஜ் விழுந்தவர் ஸ்கேனர் போட்டுப் பார்த்து மெக்கானிக்கிடம் போங்கள். எத்தனால் பெட்ரோலுக்கு மாறியதிலிருந்து நாலைந்து சதவீதம் குறைந்தவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை. லிட்டரில் இல்லாத சக்தியை எந்தப் பிளக்கும் கொண்டுவராது.

## ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா?

மச்சினன் பெட்டியைத் திறந்து பார்த்தும் நம்பவில்லை. "உள்ள என்ன இருந்தா என்னங்க மச்சான், குடுக்குதே!" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எழுநூறு ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கியவன் அடுத்த நாளிலிருந்தே மைலேஜைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவான். கால் மெதுவாகிவிடும். காற்றும் பிடித்திருப்பான். ஐப்பசி மழையில் ஏசியும் குறைவாக ஓடியிருக்கும். போதாததற்கு, பங்க்கில் ஒருநாள் முதல் க்ளிக்கில் நிறுத்துவதும் இன்னொரு நாள் வாய்வரை ஊற்றுவதுமாக இருந்தால், முப்பது லிட்டரில் ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தாலே மூன்று சதவீதத்துக்கு மேல் கணக்கு தப்பும்.

அதனால் சரியாக அளக்கச் சொன்னேன். டேஷ்போர்டு எண் வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் க்ளிக்கில் நிறுத்தம், ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். மொத்தம் ஆறு டேங்க். மூன்று கருவியோடு, மூன்று இல்லாமல், மாற்றி மாற்றி. முக்கியமாக, கருவி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுபவனுக்குத் தெரியக் கூடாது. அந்தப் பொறுப்பு அவன் மனைவிக்கு, எனக்குத் தங்கை முறை. கருவி சாக்கெட்டிலேயே இருக்கும். இல்லாத டேங்குகளுக்கு உள்ளே கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு மூடிவிடுவாள். பச்சை விளக்கு காட்டிக்கொடுத்துவிடும் என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறாள். இதுவரை இரண்டு டேங்க் முடிந்திருக்கிறது. எதில் கருவி ஓடியது என்று கேட்டதற்கு, ஆறும் முடியட்டும் அண்ணா என்று சொல்லிவிட்டாள்.